வாசித்ததும் எழுதியதும்

புயல் கடந்துபோன மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சார்ஜெண்ட் அயூபான் ஊர்மன்றத்துக்குள் வந்தார். ஈரத் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, ஜூன் மாதப் பிளாட்டர் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு முத்திரை வைத்த நகல் வேண்டும் என்றார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் லியோனிலா. கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"மீன்வேலிக்காக தாக்யோவும் தெல்மாரும் சண்டை போட்டுக்கிட்டு வந்தாங்களே, அதுதான். ரெண்டு மணிக்கு அரசு வக்கீல் முன்னாடி ஆளை நிறுத்தணும். பன்னெண்டு மணிப் படகை விட்டா எனக்கு வேற படகு இல்ல. சீக்கிரம் மனாங்."

தக்னிப்பா தீவில் அவளைவிட இளையவர்கள் எல்லோருக்கும் லியோனிலா ஓம்பாட் மனாங்தான், அக்காதான். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தொரு வருடமாக ஊர்மன்றச் செயலாளர். மூன்று கேப்டன்களைப் பார்த்துவிட்டாள். ஊர்த்தலைவரை இங்கே கேப்டன் என்பார்கள். செயலாளரை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில். மூன்று பேருமே அவளை எடுக்கவில்லை. காரணம் அவள் கையெழுத்து என்று ஊர் சொல்லும். வாய் திறக்காதவள் என்பதும் ஒரு காரணம். அதை யாரும் சொல்வதில்லை.

ஊரில் எந்தச் சண்டை வந்தாலும் முதலில் ஏறுவது அவள் மேசையில் கிடக்கும் நீல அட்டைப் புத்தகத்தில். அதுதான் பிளாட்டர். இரண்டு தரப்பும் விசயான் மொழியில் கத்துவார்கள். அவள் அதை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுவாள். எழுதி முடித்ததும் விசயானில் வாசித்துக் காட்டுவாள். "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் கையெழுத்து, தெரியாதவர்களுக்குக் கட்டைவிரல். இருபத்தொரு வருடத்தில் ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை. அவளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. யாரிடமும் சொல்லிக்கொள்ளாத, உள்ளேயே வைத்திருந்த பெருமை.

நேற்று நடந்தது தீவுக்கே தெரியும். நண்பகலில் புயல் எச்சரிக்கை, சிக்னல் இரண்டு, ஏற்றினார்கள். வெளித்திட்டில் மீன்பிடிக்கப் போயிருந்த படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. உள்ளே வரும் ஒரே ஆழமான வழியை தெல்மாரின் மூங்கில் மீன்வேலி அடைத்து நின்றது. நான்கு மணிவாக்கில் தாக்யோ கத்தியோடு தண்ணீரில் இறங்கி வேலியை வெட்டினான். மூன்று படகுகள் உள்ளே வந்தன. வெட்டிய இடத்தில் வேலி சரிந்து, கூடவே காவல் குடிசையும் சரிந்தது. அதற்குள் காவலாள் நிகனோர் இருந்தான். தொடை எலும்பு முறிந்தது. இரவு காற்று அடங்கியதும் தெல்மார் அவனை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்படியே போலீசுக்கும் போனார். 'இவன் ஜூன் மாசமே வெட்டுவேன்னு மிரட்டினான், பிளாட்டர்ல இருக்கு' என்று சொல்லியிருக்கிறார். விடியும்முன்னே போலீஸ் தாக்யோவைப் பிடித்து அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டது.

லியோனிலா இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். அவள் கையெழுத்து, வரிசை பிசகாமல் நின்றது. தாக்யோ அதில் எவுஸ்தாக்கியோ என்ற முழுப்பெயரில் இருந்தான். எவுஸ்தாக்கியோ தான் வேலியை வெட்டப்போவதாகக் கூறினார். அடுத்த வரி: கேப்டன் வழியைத் திறந்துவிடச் செய்வதாகக் கூறினார். அதன்கீழ் கையெழுத்துகள்.

தாக்யோ அப்படிச் சொல்லவில்லை.

அவன் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. இந்த மேசைக்கு முன்னால் நின்று, கை ஆட்டி, அரைக்குடி வாசனையோடு சொன்னான்: "சிக்னல் ரெண்டு ஏறி, அப்பவும் வழி அடைச்சிருந்து, எவன் படகாவது வெளியில மாட்டிக்கிட்டிருந்தா, நானே இறங்கி வெட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

சார்ஜெண்ட் எட்டிப் பார்த்து விரலால் அந்த வரியைத் தொட்டார். "இதுதான். இது போதும்."

இதில் அவள் செய்த தவறு ஒரு நாளில் செய்தது அல்ல. வேலைக்குச் சேர்ந்த மாதம் அக்கரையில் செயலாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஓர் அதிகாரி வந்திருந்தார். அவள் எழுதிய மாதிரிப் பதிவில், 'இன்னது நடந்தால் என்று சொன்னார்' என்பதற்கு 'செட் தட் இஃப்' என்று இருந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "ஒரு வாசலுக்கு ரெண்டு காவலாள் எதுக்கு? 'தட்' வந்தாச்சு. அதுக்குப் பின்னாடி 'இஃப்' வராது, 'வென்' வராது. 'சொன்னார்'னா என்ன சொன்னார்? ஒரு விஷயம். அதோட நிறுத்து." நாற்பது பேர் சிரித்தார்கள். வணிகக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துத் தோற்று வந்திருந்தவளுக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. அன்றோடு 'தட்'டுக்குப் பின்னால் எந்த 'இஃப்'பையும் அவள் நிற்க விடவில்லை. கருவாடு சுற்றிவந்த ஆங்கிலச் செய்தித்தாளில் அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். பத்திரிகைக்காரர்களுக்கு இவ்வளவுதான் படிப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

அதிகாரி சொன்னது தவறு. ஆனால் அவர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. அவர் எழுதுவதைப் பற்றித்தான் சொன்னார். வாசித்துக் காட்டும்போது அவள் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்து, அவர்கள் சொன்னதை நினைவிலிருந்து அப்படியே திருப்பிச் சொல்வாள். 'ஏறினால்', 'இருந்தால்', 'வந்தபோது' ஒன்றும் விடாமல். அவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு வேறொன்றின்கீழ் கையெழுத்துப் போடுவார்கள். அவள் கைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். நாக்குக்குத் தெரிந்திருந்தது.

"என்ன மனாங், மை தீந்துபோச்சா?" என்றார் சார்ஜெண்ட்.

"எழுதறேன்."

அவள் நகல் தாளை எடுத்தபோது கேப்டன் துமுலாக் உள்ளே வந்தார். கையில் ஒட்டரிசிப் புட்டுப் பொட்டலம். தெல்மார் அவர் மகனுக்கு ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தகப்பன். அந்த உறவு இங்கே இரத்த உறவுக்கு ஒரு படி கீழே, சில வீடுகளில் ஒரு படி மேலே.

"சாப்பிட்டீங்களா சார்ஜெண்ட்? இந்தாங்க. தாக்யோ என்ன சொல்றான்?"

"நான்தான் வெட்டினேன்கிறான். மூணு படகு பொழச்சுதா இல்லையான்னு என்னையே கேக்கறான். வாய் மட்டும் அடங்கல."

"அந்த வாய்தான் அவனுக்கு எமன்." கேப்டன் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. "லியோ. இது என்ன?"

"எது கேப்டன்?"

"நான் வழியைத் திறந்துவிடறேன்னு சொன்னேனா? எப்போ சொன்னேன்? தெல்மார் சம்மதிச்சா திறந்துவிடச் சொல்றேன்னுதானே சொன்னேன். சம்மதிச்சா! அவன் சம்மதிக்கல, நான் திறக்கல. இதைப் படிச்சா நான் வாக்குக் கொடுத்து ஏமாத்தின மாதிரில்ல இருக்கு? நாளைக்கு அந்தப் படகுக்காரனுங்க என் சட்டையைப் பிடிப்பானுங்க."

லியோனிலா அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"நீ வாசிச்சப்போ சரியாத்தானே இருந்துச்சு?"

"வாசிச்சப்போ இருந்துச்சு கேப்டன்."

சார்ஜெண்ட் புட்டை மென்றபடி கடிகாரத்தைப் பார்த்தார். கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. ஒரு சின்னச் சொல்லுதானே. வரிக்கு மேல பொடியா எழுதிடு. ஜூன் மாசம் எழுதின மாதிரியே இருக்கட்டும். அதே பேனா இருக்கா?"

"அப்போ தாக்யோ சொன்னதுலயும் விட்டுப்போயிருக்கு. அதையும் எழுதணும்."

"அவன் கதை எதுக்கு இப்போ?"

"அவனும் 'சிக்னல் ஏறினா'ன்னுதான் சொன்னான் கேப்டன். நீங்க பக்கத்துல இருந்தீங்க."

கேப்டன் அவளை இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எனக்கு ஞாபகமில்ல. ஒரு பக்கத்துல ஒரு திருத்தம்னா யாரும் கேக்க மாட்டான். ரெண்டு திருத்தம்னா புத்தகத்தையே தூக்கிட்டுப் போவானுங்க. உன் வேலை, உன் பேரு, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. யோசிச்சுக்க." பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அவள் யோசித்தாள். புத்தகத்தில் இப்போது எதைச் சேர்த்தாலும் அது பொய்ப்பத்திரம். சிறைக்குப் போகிற குற்றம். சேர்க்காமல் முத்திரை வைத்தால் அது உண்மை நகல், உண்மையில்லாத ஒன்றின் உண்மை நகல். கை தானாகப் பழைய பக்கங்களைப் புரட்டியது. மனைவி வீடு திரும்புவதாகக் கூறினார். அந்தப் பெண் 'அவர் குடியை விட்டா வர்றேன்' என்றவள். இந்த ஒரு வரியைக் காட்டித்தான் வாக்குத் தவறியவள் என்று கணவன் வீட்டார் அவளை ஊரெல்லாம் தூற்றினார்கள். அவள் அக்கரைக்கே போய்விட்டாள். இன்னொன்று: ஆட்டின் சொந்தக்காரர் ஈடு கொடுப்பதாகக் கூறினார். 'என் ஆடுதான்னு நிரூபிச்சா' என்றவர் அவர். ஒருவன் சொன்னதிலிருந்து நிபந்தனையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதன் சுருக்கம் இல்லை. அவன் சொல்லாத வேறொன்று. இவ்வளவு எளிய விஷயம் இருபத்தொரு வருடம் கண்ணில் படாமல் இருந்தது எப்படி என்று அவள் தன்னையே கேட்டாள். பதில் சுலபமாக வந்தது. யாரும் அவளிடம் பக்கத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னதில்லை.

பத்தரை மணிக்கு பெலிசா வந்தாள். தாக்யோவின் மனைவி. இரவெல்லாம் நனைந்த துணி உடம்பிலேயே காய்ந்திருந்தது. கேப்டனைப் பார்த்தும் பார்க்காததுபோல நேராக மேசைக்கு வந்தாள்.

"மனாங், அவரை மிரட்டினதுக்குன்னு பிடிச்சிருக்காங்களாம். அவர் மிரட்டலையே. நீங்க அன்னிக்கு வாசிச்சுக் காட்டினீங்களே, நான் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன். அதை சார்ஜெண்டுக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க. போதும். விட்டுருவாரு."

"அதெல்லாம் நகல்ல வந்துரும் பெலிசா, நீ வீட்டுக்குப் போ" என்றார் கேப்டன்.

"நான் உங்ககிட்டக் கேக்கல கேப்டன். நீங்க சொல்றதை நேத்து முழுக்கக் கேட்டுட்டோம். திறக்கச் சொல்லுங்கன்னு உங்க வாசல்ல மூணு மணி நேரம் நின்னோம். தூங்கறாருன்னாங்க."

சார்ஜெண்ட் மெல்வதை நிறுத்தினார். "வாசிங்க மனாங். கேட்டுட்டுப் போறேன்."

லியோனிலா எழுந்து நின்றாள். வாசிக்கும்போது நிற்பது அவள் வழக்கம். பெலிசாவின் முகத்தைப் பார்த்தாள். வாயில் முதல் சொல் வந்துவிட்டது: சிக்னல் ரெண்டு ஏறி. அப்படியே சொல்லிவிட்டால் அந்த நிமிஷம் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். இரண்டு மணிக்கு அரசு வழக்கறிஞர் பக்கத்தைப் படிப்பார்; அதில் அது இருக்காது.

அவள் தலையைக் குனிந்தாள். ஆள்காட்டி விரலை வரியில் வைத்தாள். "எவுஸ்தாக்கியோ தான் வேலியை வெட்டப்போவதாகக் கூறினார்."

கூரைத் தகரத்திலிருந்து நீர் சொட்டுவது கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் பெலிசா.

"அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"அன்னிக்கு இப்படி வாசிக்கலையே மனாங்."

"இல்ல."

"அன்னிக்கு 'சிக்னல் ஏறினா'ன்னு வாசிச்சீங்க. 'படகு மாட்டிக்கிட்டா'ன்னு வாசிச்சீங்க. அதைக் கேட்டுத்தானே அவர் கையெழுத்துப் போட்டாரு. எழுதாததை எப்படி மனாங் வாசிச்சீங்க?" பெலிசா கத்தவில்லை. கத்தியிருந்தால் லியோனிலாவுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"ஊரு பூரா உங்களைத்தான் நம்பி விரலை வச்சுது" என்று சொல்லிவிட்டு பெலிசா வாசல்படியில் போய் உட்கார்ந்தாள்.

சார்ஜெண்ட் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு நகல்தான் வேணும். மத்தது உங்க ஊர் விவகாரம்."

லியோனிலா நகலை எழுதினாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து அழுத்தினாள். பிறகு இன்னொரு தாளை எடுத்தாள். அதில் தன் பெயர், வயது, பதவி எழுதினாள். ஜூன் மாதம் தாக்யோவும் கேப்டனும் சொன்னதாகத் தான் கேட்டதை எழுதப் போனாள். 'செட் தட்' வந்தது. பேனா நின்றது. சிவப்பு மையும் நாற்பது பேர் சிரிப்பும் அந்த இடத்திலேயே இருந்தன. 'இஃப்' என்று எழுதினாள். இரண்டு காவலாளும் ஒரு வாசலில் நின்றார்கள். ஒன்றும் இடிந்து விழவில்லை. தாக்யோவின் நிபந்தனைகளை முழுதாக எழுதினாள். அடுத்த வரியில் கேப்டனுடையதையும் எழுதினாள், அவருக்கும் அது சேரவேண்டியது என்பதால்.

கேப்டன் தோளுக்கு மேல் நின்று படித்தார். தன் வரி வந்ததும் தலையசைத்தார். அதற்கடுத்த வரி வந்தபோது தலையசைப்பு நின்றது. அதில் அவள், தான் வாசித்துக் காட்டியதும் எழுதியதும் வேறு வேறு, இந்தப் பக்கத்தில் மட்டுமல்ல என்று எழுதியிருந்தாள்.

"இதுக்கு முத்திரை கிடையாது" என்றார்.

"வேண்டாம் கேப்டன். இது என் வாக்குமூலம். வக்கீல் முன்னாடி சத்தியம் பண்ணிக்கறேன்."

"தெல்மார் என் மகனுக்கு ஞானத்தகப்பன். உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒண்ணாம் தேதியிலிருந்து நீ இங்க வரவேண்டாம்னா?"

லியோனிலா முத்திரையைத் துடைத்து இழுப்பறையில் வைத்தாள். "ஒண்ணாம் தேதி வரைக்கும் நான்தானே செயலாளர்" என்றாள். அதில் வீரம் ஒன்றும் இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

பன்னிரண்டு மணிப் படகில் கடல் இன்னும் அடங்கவில்லை. சார்ஜெண்ட், பெலிசா, லியோனிலா மூவரும் தார்ப்பாயின் கீழ் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஒவ்வோர் அலைக்கும் அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். பெலிசா வழி முழுக்க அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. கரை நெருங்கும்போது, படகு சாய்ந்த ஒரு கணத்தில், புத்தகம் நழுவாமல் பெலிசாவின் கையும் அதைப் பிடித்தது. பிறகு விலகிக்கொண்டது.

அரசு வழக்கறிஞர் இளம்பெண். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார். தாக்யோ விலங்கோடு சுவரோரம் நின்றிருந்தான். நேற்றைய வாய் இப்போது அவனிடம் இல்லை.

"இந்த மாதிரி விட்டுப்போன பதிவு எத்தனை இருக்கும்?"

"தெரியாதுங்கம்மா. இருபத்தொரு வருஷம் எழுதியிருக்கேன்."

"யாராவது இப்படி எழுதச் சொன்னாங்களா?"

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. அவர் பெயர்கூட நினைவிருந்தது. "எழுதறதுக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுத்தாரு. வாசிச்சது நான்தான்."

"நிகனோர் குடிசைக்குள்ள இருந்தது உனக்குத் தெரியுமா?" என்று வழக்கறிஞர் தாக்யோவைக் கேட்டார்.

"சிக்னல் ஏறினா காவலுக்கு இருக்கறவன் கரைக்கு வந்துருவான்னு நினைச்சேங்க."

"நினைச்சே. கூப்பிட்டுப் பார்த்தியா?"

தாக்யோ தலையைக் குனிந்தான். "கூப்பிடலைங்க."

மிரட்டல் குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. நிகனோரின் காலுக்கான புகார் நிற்கும், அது தனியாக விசாரிக்கப்படும், அதுவரை ஆளை விடலாம் என்றார். பிளாட்டரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு லியோனிலாவிடம் ரசீது கொடுத்தார். வெளியே வந்ததும் பெலிசா கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தாக்யோவும், நிகனோர் சார்பில் அவன் அண்ணனும் ஊர்மன்றத்துக்கு வந்தார்கள். ஒப்பந்தம் எழுதவேண்டும். மேசையில் புதுப் பிளாட்டர். ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. கேப்டன் மூலையில் உட்கார்ந்து எதையும் கேட்காதவர்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிகனோருக்குக் கால் சரியாகற வரைக்கும் நான் பிடிக்கற மீன்ல பாதி அவன் வீட்டுக்கு" என்றான் தாக்யோ. "நடக்க ஆரம்பிச்சா நிறுத்திருவேன். அதையும் எழுதுங்க மனாங். அதை விட்டுட்டீங்கன்னா சாகற வரைக்கும் மீன் கொடுத்துக்கிட்டிருக்கணும்."

"எழுதியாச்சு."

"புயல் வந்து நான் கடலுக்குப் போகலைன்னா?"

"சொல்லு, எழுதறேன்."

"அப்போ மீன் கிடையாது. அரிசி கொடுப்பேன்."

அதையும் எழுதினாள். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போனது. பின்னால் ஆட்டு விவகாரத்துக்கு வந்திருந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள். ஒருவர், "மனாங்குக்குக் காய்ச்சலா, இவ்வளவு மெதுவா?" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. விரலை முதல் வரியின் முதல் சொல்லில் வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்தி, ஆங்கிலத்தைப் பார்த்து, நிறுத்தி, விசயானில் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் தடுமாறித் திரும்பப் படித்தாள். தாக்யோ மேசைமேல் சாய்ந்து, தனக்குப் புரியாத ஆங்கில வரிகளின்மேல் அவள் விரல் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதானே சொன்னே?"

அவன் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. "அந்த அரிசி வரியை இன்னொருதரம்" என்றான்.

அவள் விரலைப் பின்னால் எடுத்துப்போய் மறுபடி வாசித்தாள்.